69 என்ற எண் பொறித்த பழைய இராணுவப் பொத்தான்: அடையாளம் காண உதவி தேவை

வயல்தேடி:
வணக்கம். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், உழவர் ஒருவரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று அவருடைய வயலில் மெட்டல் டிடெக்டரால் தேடியபோது மூன்று பொத்தான்கள் கிடைத்தன. முதலாவது சாம்பல் நிற மென்உலோகம். முகத்தில் 69 என்ற எண் இருக்கிறது, பின்புற வளையம் ஒடிந்துவிட்டது. இரண்டாவது பித்தளை, சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் தாங்கும் கேடயமும் அதன்மேல் கிரீடமும் தெரிகின்றன. மூன்றாவது சின்னமில்லாத தட்டைப் பொத்தான். பின்புறத்தில் 'டிரெபிள் கில்ட்' (மும்மடங்கு பொன்முலாம்) என்று பொறித்திருக்கிறது. இவை எக்காலத்தவை?

பழம்பொருள் அன்பர்:
முதலாவதே அருமையானது. பிரிட்டிஷ் காலாட்படையின் பொத்தான்களில் ரெஜிமென்ட் எண் இருக்கவேண்டும் என்ற அரச ஆணை 1767இல் பிறந்தது. அதிகாரிகளுக்குப் பொன் அல்லது வெள்ளி முலாம் பூசிய பொத்தான்கள். சாதாரணச் சிப்பாய்களுக்கு வெள்ளீயக் கலவையான பியூட்டர். 1855இல் சிப்பாய்களும் பித்தளைக்கு மாறினார்கள். ஆகவே உங்களுடையது இவ்விரு ஆண்டுகளுக்கு இடைப்பட்ட, 69ஆம் ரெஜிமென்ட் சிப்பாயின் பொத்தான்.

1782 முதல் தெற்கு லிங்கன்ஷயரின் பெயரைத் தாங்கிய அந்த ரெஜிமென்ட் தமிழருக்கும் அந்நியமன்று. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது உள்ளே இருந்த ஐரோப்பியப் படை இதன் நான்கு கம்பெனிகளே. படத்தைப் பார்த்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. ஆயினும் இப்பொத்தான் வேலூர் சென்று வந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

இரண்டாவது, 1871இல் சிப்பாய்களின் ரெஜிமென்ட் பொத்தான்களை நீக்கிவிட்டுக் கொண்டுவந்த பொதுப் பொத்தான். கிரீடத்தின் வளைவுகள் குவிமாடம்போல் உருண்டு எழுந்திருந்தால் 1901க்கும் 1952க்கும் இடைப்பட்டது. மூன்றாவது இராணுவத்தினுடையதன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பொதுமக்கள் மேலங்கிகளில் தைத்த முலாம் பொத்தான்.

மண்வாசனை:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பொத்தான் கிடைத்த இடத்தில் படைமுகாம் இருந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். கழித்த சீருடைகள் பழந்துணியாக விற்கப்பட்டன. உழைப்பாளிகள் அவற்றை வாங்கி உடுத்தியதும் உண்டு, கம்பளிக் கந்தல் எருவாக வயலில் இடப்பட்டதும் உண்டு. அந்த எருவோடு பொத்தான்களும் மண்ணுக்குள் போயின.

இன்னொரு வேண்டுகோள்: குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பித்தளையில் எஞ்சிய முலாம் அதோடு போய்விடும். பியூட்டரின் மேற்பரப்பு பொரிந்திருந்தால் எண்ணே உதிர்ந்துவிடும். வாலை வடிநீரில் நனைத்த மென்தூரிகையால் மண்ணை மட்டும் அகற்றி, நிழலில் உலர்த்தி வையுங்கள்.

வயல்தேடி:
இருவருக்கும் நன்றி. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், இரண்டாவதின் கிரீடம் உருண்டே இருக்கிறது. 69 பொத்தான் கிடைத்த இடத்தின் ஆயத்தொலைவைக் குறித்துக்கொண்டேன். ஞாயிறன்று மூன்றையும் நிலத்துக்காரரிடம் காட்டப்போகிறேன்.