தொட்டி முழுக்கப் புல்லுக்கே போகிறது. வேறு எந்தப் புல் போடலாம்?

தொட்டிக்காரன்

வணக்கம். எங்கள் வீட்டுக்கு முன்னால் 40-க்கு 25 அடியில் ஒரு புல்தரை இருக்கிறது. நான் போட்டதில்லை, வீட்டோடு வந்தது. அகல இலை, காலை வைத்தால் மெத்தை மாதிரி இருக்கும். ஆனால் அது குடிக்கிற தண்ணீரைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் நிற்கிறேன். மாடியில் இருப்பது ஆயிரம் லிட்டர் தொட்டி. நான் ஹோஸைச் சுருட்டி வைக்கிற நேரத்தில் உள்ளே குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. "புல்லைக் குளிப்பாட்டியாச்சா, இனி நாங்க குளிக்கலாமா?" என்று மனைவி கேட்காத நாளில்லை.

இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் நடுவில் மஞ்சள் திட்டு. வறட்சி தாங்கும் புல் எது என்று தேடினால் அருகு, கொரியன், பஃபலோ என்று மூன்று பெயர் வருகிறது. என் வீட்டில் இருப்பதே பஃபலோதான் என்று புல் வெட்ட வருபவர் சொல்கிறார். அப்படியானால் அது ஏன் தாங்கவில்லை?

நிலவரம்: மண் களிமண், மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். பெரும்பகுதிக்கு நாள் முழுக்க வெயில். மதிலை ஒட்டி நான்கடி அகலத்துக்கு மட்டும் பெரும்பாலும் நிழல். எந்தப் புல் போடலாம்?

பாத்திகட்டி

பஃபலோ என்ற பெயரை நம்பாதீர்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத புற்கள் அந்தப் பெயரில் உலவுகின்றன. வட அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமைகள் மேய்ந்த புல் ஒன்று. மெல்லிய இலை, சாம்பல் பூத்த பச்சை. நீங்கள் படித்த வறட்சிப் பெருமையெல்லாம் அதற்குரியது. ஆஸ்திரேலியாக்காரர்கள் பஃபலோ என்று சொல்வது செயின்ட் அகஸ்டின் புல்லை, அது அகல இலை. இவை போதாதென்று கார்பெட் புல்லையும் சிலர் பஃபலோ என்றே விற்கிறார்கள். ஒரு ஓரத்தை மட்டும் வெட்டாமல் விட்டுப் பூக்காம்பைப் பாருங்கள். மெல்லிய கதிர்கள் கவட்டை மாதிரி இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்தால் கார்பெட். தடித்த ஒற்றைக் கதிர் என்றால் செயின்ட் அகஸ்டின். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கார்பெட் என்றுதான் தோன்றுகிறது. ஈரமும் நிழலும் தேடுகிற புல் அது. அதை முழு வெயிலில் வைத்துவிட்டு வாடுகிறதே என்றால் எப்படி?

ஆனால் புல்லை மாற்றுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரு 15 லிட்டர் வாளியை உங்கள் ஹோஸில் பிடித்து எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். அப்புறம் புல்தரையின் நடுவில் கரண்டியால் ஒரு துண்டைப் பெயர்த்து, வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள். புல்லின் பெயரைப் பிறகு பேசலாம்.

களையெடுப்பவள்

அருகு நடப்போகிறீர்களா? நான் ஆறு வருஷமாக அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். புல்தரைக்கும் என் பூப்பாத்திக்கும் நடுவே ஒரு வரிசை செங்கல் வைத்திருந்தேன். மேலே ஓடுவதை வெட்டினால் கீழே மண்ணுக்குள் ஓடி அந்தப் பக்கம் தலை நீட்டுகிறது. செங்கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் அடியில் வெள்ளைக் கயிறாகப் பின்னிக் கிடந்தது. தண்டில் ஒரு கணு மண்ணில் தங்கினால் போதும், மறுபடி முளைத்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் அதற்கு நிகரில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோடையில் ஒரு மாதம் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் வைக்கோல் நிறம், செத்தே போய்விட்டது என்று நினைத்தேன். ஒரே மழை, பத்து நாளில் பச்சை. பாத்தி பக்கத்தில் இருந்தால் மட்டும் தகடு இறக்கிவிட்டு நடுங்கள், மாதம் ஒருமுறை ஓரத்தை வெட்டவும் சோம்பல் படாதீர்கள்.

தொட்டிக்காரன்

பாத்திகட்டி சார், சொன்னபடி செய்தேன். வாளி நிறைய 50 விநாடி. வேர்தான் அதிர்ச்சி. இரண்டு விரற்கடைக்கு மேல் இல்லை. கையால் இழுத்ததும் கம்பளம் மாதிரி அப்படியே வந்துவிட்டது. மேலே சொதசொத, அதற்குக் கீழே மண் ஓடு மாதிரி காய்ந்து கிடக்கிறது. இத்தனை தண்ணீர் ஊற்றியும் அடியில் ஈரமில்லை என்பதை நம்பவே முடியவில்லை. கதிரையும் பார்த்தேன், கவட்டைதான்.

பாத்திகட்டி

50 விநாடிக்கு 15 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 18. நாற்பது நிமிடத்துக்கு 720 லிட்டர். உங்கள் தொட்டியில் முக்கால்வாசி! ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் அது 1 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். உங்கள் தரையை 90 சதுர மீட்டர் என்று வைத்தால் தினம் 8 மில்லிமீட்டர், வாரத்துக்கு 56. வேர் பிடித்த அருகுக்கு வெயில் காலத்தில் வாரம் 25 மில்லிமீட்டர் போதும், அதாவது 2,250 லிட்டர். நீங்கள் இப்போது ஊற்றுவது 5,040.

ஆனால் அருகை நட்டுவிட்டு இதே மாதிரி தினமும் சாயங்காலம் ஹோஸோடு நின்றீர்கள் என்றால் அதுவும் இந்த 5,040-ஐ வாங்கிக்கொள்ளும். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் ஏன் கீழே போகப்போகிறது? ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி என்று வாழ்த்துகிறோமே, அந்த வேர் தானாக ஓடாது, கொஞ்சம் காயவிட்டால்தான் தண்ணீரைத் தேடி இறங்கும். மண் இளகலாக இருந்தால் மூன்றடிக்குக் கீழேகூடப் போகும். புல்லின் மேல் நடந்து திரும்பிப் பாருங்கள். மிதித்த தடம் நிமிராமல் அப்படியே நின்றால், நிறமும் லேசாக நீலம் பாய்ந்தால், அன்றைக்குத் தண்ணீர் விட்டால் போதும். வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், விடியற்காலையில். களிமண் என்பதால் ஒரே மூச்சில் ஊற்றினால் வழிந்து தெருவுக்குத்தான் போகும். இருபது நிமிடம் விட்டு நிறுத்துங்கள், உறிஞ்சியதும் மறுபடி விடுங்கள். மறுநாள் ஒரு நீளமான திருப்புளியைக் குத்திப் பாருங்கள். அரையடி சுலபமாக இறங்கினால் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நடுவதைப் பற்றி: கடும் வெயிலில் வேண்டவே வேண்டாம். புது நடவுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் தினமும் ஈரம் வேண்டும், மிச்சப்படுத்தலாம் என்று ஆரம்பித்து இருமடங்கு செலவழிப்பீர்கள். வெயிலை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய புல்லை ஒட்ட வெட்டி, நனைத்து, கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் தாளை விரித்து ஓரங்களை மண்ணால் மூடிவிட்டால் நாலைந்து வாரத்தில் வெந்துவிடும். அதன் பிறகு மண்ணைக் கொத்தி, மட்கிய எரு கலந்து, மழை ஆரம்பிக்கும்போது நடலாம். கலப்பின அருகு கேட்டால் விதை கிடைக்காது, அது மலட்டுப் பயிர். தண்டுத் துண்டாகவோ புல்பாயாகவோதான் வாங்கவேண்டும். சாதாரண அருகுக்கு விதை உண்டு.

மதில் நிழலில் அருகு நிற்காது. கொரியன், அதாவது ஜாய்சியா, ஓரளவு நிழல் தாங்கும். ஆனால் மெதுவாகப் படரும், துண்டு துண்டாக நட்டால் மூடுவதற்கு இரண்டு வருஷம்கூட ஆகலாம். என்னைக் கேட்டால் அந்த நான்கடியில் புல்லே வேண்டாம். கூழாங்கல்லோ மரச்செதிலோ போட்டுவிடுங்கள்.

ஓரத்துச்செடி

பொடுதலையை யாரும் சொல்லவில்லையே. எங்கள் வீட்டில் பாதித் தரை அதுதான். தரையோடு தரையாகப் படரும், புல்லை விட எவ்வளவோ குறைந்த தண்ணீர், வெட்டும் வேலையும் கம்மி. ஒரே சிக்கல், பூக்கிற காலத்தில் தேனீ மொய்க்கும். என் பையன் வெறுங்காலோடு ஓடி ஒருமுறை கொட்டு வாங்கினான். அதனால் பந்து விளையாடுகிற பக்கம் அருகு, ஜன்னலுக்குக் கீழே பொடுதலை என்று பிரித்துவிட்டோம்.

தொட்டிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. மதில் ஓரம் கூழாங்கல் என்று முடிவாகிவிட்டது. மற்ற இடத்துக்கு அருகு, மழைக்கு முன்னால் பிளாஸ்டிக் வேலை. பூப்பாத்தி எங்களுக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கு இருக்கிறது, அதனால் அந்தப் பக்கம் முதலில் தகடு.

இன்றைக்கு ஹோஸைத் தொடவில்லை. தரையில் நடந்து பார்த்தேன், தடம் நிமிர்ந்துவிட்டது. வாசலில் சும்மா நிற்கிறேனே என்று மனைவி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.