குறைந்தபட்ச வெப்பநிலையில் திடீர்ப் படி: காலநிலையா, கருவியா?

கேள்வி: கார்மேகன்

உள்மாவட்ட வானிலை நிலையம் ஒன்றின் 1969–2018 தினசரிப் பதிவுகளை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை, மழை மூன்றும் உண்டு. மான்–கெண்டல் சோதனையில் (தொடர் காலப்போக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது) குறைந்தபட்சம் தெளிவான ஏறுமுகம். ஆனால் வரைந்து பார்த்தால் சீரான ஏற்றம் இல்லை. 1980-களின் நடுவில் ஒரே படியாக ஏறுகிறது, அதற்கு முன்பு ஏறக்குறையத் தட்டை. அதிகபட்சத்தில் அந்தப் படி இல்லை. இதை வெப்பமயமாதல் என்று எழுதலாமா?

மழையில் வேறு சிக்கல். 2001-க்குப் பிந்தைய நாள் மழையை ஐமெர்க் செயற்கைக்கோள் தரவோடு வைத்தால் ஒட்டவே இல்லை. மாதக் கூட்டுத்தொகை மட்டும் நன்றாகவே ஒத்துப்போகிறது. இடையில் காலியாக உள்ள நாட்களைச் சுழியம் என்று நிரப்பலாமா?

பதில் 1: உலர்குமிழ்

இப்போதைக்கு எழுதாதீர்கள். மான்–கெண்டல் பின்னால் வரும் மதிப்புகள் பெரிதா சிறிதா என்று மட்டும்தான் எண்ணும். ஒரு படி இருந்தாலே பி மதிப்பு (ஏற்றமே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) அழகாகச் சிறிதாக வந்துவிடும்.

முதலில் நான்கைந்து அண்டை நிலையங்களைச் சேருங்கள். தூரத்தை விட உயரம் முக்கியம். மதுரைக்குக் கொடைக்கானல் பக்கம்தான், ஆனால் 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊரை ஒப்பீட்டுக்கு வைத்தால் எதுவும் தெரியாது. ஆண்டுக்கு ஆண்டு ஏற்படும் மாற்றங்களின் ஒட்டுறவு (இரு தொடர்கள் சேர்ந்தே ஏறி இறங்கும் அளவு) 0.8-க்கு மேல் உள்ளவற்றை வைத்துக்கொண்டு, உங்கள் நிலையத்தில் இருந்து அவற்றின் சராசரியைக் கழித்து வித்தியாசத் தொடரை வரையுங்கள். எல்லா ஊருக்கும் பொதுவான காலநிலை ஏற்றம் அதில் கழிந்துபோகும். மிச்சம் நிற்பது உங்கள் நிலையத்தின் சொந்தக் கதை. அதன் மீதுதான் எஸ்என்எச்டி (தொடர் எந்த ஆண்டில் திடீரென மாறியது என்று தேடும் சோதனை) போட வேண்டும். 50 ஆண்டுத் தொடருக்கு 95 விழுக்காட்டு நம்பிக்கையில் வரம்பு 8.45. எஸ்என்எச்டி தொடரின் இரு முனைகளிலும் பொய்யாகக் குரல் கொடுக்கும், அதே வேலை செய்யும் பெட்டிட் சோதனை நடுப்பகுதியில் கூர்மை. இரண்டும் ஒரே ஆண்டைக் காட்டினால் நம்பலாம்.

குறைந்தபட்சத்தில் மட்டும் படி என்பதே பெரிய துப்பு. ஸ்டீவன்சன் பெட்டிக்குள் (வெயில் படாமல் கருவிகளை வைக்கும் காற்றோட்டமான பெட்டி) இரண்டு தனி வெப்பமானிகள்: அதிகபட்சத்துக்குப் பாதரசம், குறைந்தபட்சத்துக்குச் சாராயம். சாராயம் மெல்ல ஆவியாகிக் குழாயின் மேல்முனையில் போய்ப் படியும். அவ்வளவு திரவம் நிரலில் குறைவதால் வாசிப்பு உண்மையை விடக் கீழே போகும். இது ஒரே நாளில் நடப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். புது வெப்பமானி மாட்டிய அன்று வாசிப்பு சட்டென்று மேலே வரும். அப்படியென்றால் உங்கள் தொடரில் படிக்கு முந்தைய தட்டையும் சந்தேகத்துக்குரியதே. உண்மையான மெல்லிய ஏற்றத்தை இந்த இறக்கம் விழுங்கியிருக்கலாம். வித்தியாசத் தொடர் ரம்பப்பல் மாதிரி மெல்லச் சரிந்து ஒரேயடியாக எழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். நேர்ப்படியாக எழுந்தால் நிலையம் இடம் மாறியதா, சுற்றிக் கட்டடம் வந்ததா என்று பாருங்கள். கட்டடம், தார்ச்சாலை எல்லாம் பகலை விட இரவைத்தான் அதிகம் சூடாக்கும்.

மூலப் பதிவேடு கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். காலை 08:30-க்குக் குறிகாட்டியை (குறைந்த அளவில் நின்றுவிடும் சிறு ஊசி) மீட்டமைத்த பின் குறைந்தபட்ச வெப்பமானி காட்டும் அளவும், அந்நேரக் காற்று வெப்பநிலையைக் காட்டும் உலர்குமிழ் வெப்பமானியின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் மாதா மாதம் வளர்ந்தால் குற்றவாளி கையில்.

பதில் 2: அளவுக்கண்ணாடி

மழைக்கு வருகிறேன். நாள் பொருந்தாததற்கு முதல் காரணம் தேதி. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 08:30 முதல் மறுநாள் 08:30 வரை. முடியும் நாளின் தேதியில்தான் பதிவாகும். 2015 டிசம்பர் 1 அன்று சென்னையை மூழ்கடித்த மழை நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. என்று டிசம்பர் 2 தேதியில் நிற்கும். இந்திய நேரம் 08:30 என்பது யுடிசி (உலகப் பொது நேரம்) 03:00. ஆகவே ஐமெர்க்கின் நாள் கோப்பை எடுக்காதீர்கள். அரைமணிக் கோப்புகளை 03 முதல் 03 யுடிசி வரை கூட்டி, முடியும் தேதியைக் கொடுங்கள். ஈஆர்ஏ5 என்ற உலகளாவிய மறுபகுப்பாய்வுத் தரவுக்கும் இதே வேலை.

காலி நாளைச் சுழியமாக்குவது கூடவே கூடாது. மழையில்லாத நாள் வேறு, அளக்காத நாள் வேறு. வெப்பநிலையில் மாதத்துக்கு மூன்று நாள் விடுபட்டாலும் சராசரி தாங்கும். ஐப்பசியில் விடுபட்ட ஒரே நாள் அந்த மாத மழையில் பாதியாக இருக்கலாம். விடுபட்ட நாள் உள்ள மாதத்தின் கூட்டுத்தொகையையே விடுபட்டதாக வையுங்கள்.

விடுமுறையில் அளக்காமல் மறுநாள் சேர்த்து எழுதும் பழக்கத்தையும் சோதியுங்கள். 2.5 மி.மீ.க்கு மேல் பெய்த நாட்களைக் கிழமைவாரியாக எண்ணினால் போதும். மேகத்துக்கு ஞாயிறு தெரியாது. ஞாயிறு குறைந்து திங்கள் பெருத்திருந்தால் மாத மழைக்கு அந்தத் தரவு சரி, ஒருநாள் உச்ச மழைக்கு உதவாது.

இன்னொன்று, பலர் பார்க்காதது: மழைமானியின் வாய் 100 சதுர செ.மீ., 200 சதுர செ.மீ. என இரு வகை. ஒவ்வொன்றுக்கும் தனி அளவுக்கண்ணாடி. 1 மி.மீ. மழை முதலாவதில் 10 மில்லி, இரண்டாவதில் 20 மில்லி. கண்ணாடி உடைந்து மற்றதை வாங்கி வைத்தால் பதிவு இரட்டிக்கும் அல்லது பாதியாகும். அண்டை நிலையங்களோடு விகிதம் தொடர்ந்து 2 அல்லது 0.5 பக்கம் நின்றால் இதைச் சந்தேகியுங்கள். மழைக்கு எப்போதும் விகிதம், கழித்தல் அல்ல.

கார்மேகன்

நன்றி. கிழமை எண்ணிக்கையில் ஞாயிறு நிஜமாகவே குறைவு. அண்டை நிலையத் தரவு இரண்டுதான் கிடைக்கிறது. மீதிக்கு ஐஎம்டி (இந்திய வானிலை ஆய்வுத் துறை) நாட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட்ட கட்டத் தரவை வைக்கலாமா?

பதில் 3: உலர்குமிழ்

வேண்டாம். வெப்பநிலைக் கட்டம் 1 பாகை அகலம், அதன் கணக்கில் உங்கள் நிலையமே இருக்க வாய்ப்பு உண்டு. தன்னைத் தன்னோடு ஒப்பிட்டால் படி மறைந்துவிடும். மழைக் கட்டம் 0.25 பாகை, 1901 முதல் உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு உள்ளே வரும் நிலையங்கள் மாறும், உச்ச மழையும் சராசரியில் மழுங்கும். வேறெதற்காவது பயன்படுத்தினால், மழையில் -999, வெப்பநிலையில் 99.9 இரண்டும் விடுபட்டதற்கான குறிகள். 99.9-ஐ நீக்காமல் சராசரி எடுத்த வரைபடங்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

இரண்டு அண்டை நிலையங்கள் இருந்தாலும் வித்தியாசத் தொடரை ஒவ்வொன்றோடும் தனித்தனியாக வரையுங்கள். இரண்டிலும் அதே ஆண்டில் படி வந்தால் கோளாறு உங்களுடையது. ஒன்றில் மட்டும் வந்தால் அந்த அண்டை நிலையத்துடையது. ரம்பப்பல் என்றால் முழுக் காலத்துக்கும் ஒரே எண்ணைக் கூட்டித் திருத்தாதீர்கள். பதிவேட்டில் உலர்குமிழோடு உள்ள வித்தியாசத்தை மாதம் மாதமாகக் கூட்டுங்கள். பதிவேடு இல்லையென்றால் படிக்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு மட்டும் சென் சரிவு (ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றம் என்ற மதிப்பீடு) கொடுத்து, முந்தைய பகுதியை விட்டுவிடுவது நேர்மை. தொடரில் தன்னொட்டுறவு (ஓர் ஆண்டின் மதிப்பு முந்தைய ஆண்டை ஒட்டியே வருவது) இருந்தால் மான்–கெண்டலை அதற்கான ஹமீத்–ராவ் திருத்தத்தோடு போடுங்கள், இல்லாவிட்டால் பி மதிப்பு இருப்பதை விடச் சிறிதாகக் காட்டும்.