ராக்கெட்டுக்குக் கைதட்டியவன் வானத்துக் கோடுகளைக் குறை சொல்லலாமா?

கார்த்திகைப்பித்தன்:

2022 அக்டோபர் 23, நள்ளிரவு 12 மணி 7 நிமிடம். பழவேற்காட்டில் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட் கிளம்பியதும் வடக்கே அடிவானம் விடிந்துவிட்டது போல வெளுத்தது. தண்ணீர் முழுக்கச் செம்மஞ்சள். சத்தம் ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் கழித்துத்தான் வந்தது, வந்தபோது நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற மீனவர் தன் மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். அன்று எடுத்த படம், நெருப்பு வில் போல வளைந்து போவது, இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அந்த ராக்கெட் சுமந்து போனது இணையச் சேவைக்கான 36 ஒன்வெப் செயற்கைக்கோள்கள்.

இப்போது இந்தத் தை அமாவாசை. ஜவ்வாது மலையில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் படம் எடுக்கப் போனேன். 135 மி.மீ. லென்ஸ், வானம் நகர்வதற்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் சின்ன டிராக்கர், ஒரு ஃப்ரேமுக்கு 60 நொடி. அங்கே துருவ நட்சத்திரம் பன்னிரண்டரை டிகிரி உயரத்தில்தான் இருக்கும். மரக்கிளைக்கு நடுவே அதைத் தேடிப் பிடித்து டிராக்கரை நேராக்கவே முக்கால் மணி நேரம் போய்விட்டது. ஏழரைக்குத் தொடங்கி 150 ஃப்ரேம் எடுத்தேன். முதல் 50-ல் 17 ஃப்ரேமில் செயற்கைக்கோள் கடந்த கோடு. ஒரு ஃப்ரேமில் இரண்டு கோடுகள் கார்த்திகையின் நீலப் புகை மேலேயே குறுக்காக விழுந்திருக்கின்றன. நேரத்தை வைத்துத் தேடிப் பார்த்ததில் ஒன்று, ஸ்பேஸ்எக்ஸ் இணையத்துக்காக ஏவும் ஸ்டார்லிங்க். மற்றது ஒன்வெப்.

அன்று கைதட்டியவன் நான். இன்று குறை சொல்ல எனக்கு வாய் இருக்கிறதா என்று உண்மையாகவே தெரியவில்லை. இரண்டு பொழுதுபோக்கையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஏவுதளம்:

தம்பி, குறை சொல்லத் தேவையே இல்லை என்பது என் கட்சி. கையில் வைத்திருக்கும் கேமராவைப் பாருங்கள். அதற்குள் இருக்கும் சிமாஸ் சென்சார் வகையை 1990-களில் உருவாக்கியது நாசாவின் ஜேபிஎல் கூடத்தில் எரிக் ஃபோசமின் குழு. விண்கலங்களுக்குச் சின்னதாக, குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற கேமரா வேண்டும் என்று செய்தது. அது இல்லையென்றால் நாம் யாரும் மொட்டைமாடியில் நெபுலா எடுத்திருக்க மாட்டோம்.

இன்னொன்றும் உண்டு. 2023 ஜூலை 1 அன்று ஐரோப்பாவின் யூக்ளிட் தொலைநோக்கி எதில் போனது? ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டில். ரஷ்ய ராக்கெட் கிடைக்காமல் போனபோது அதைத் தூக்கிவிட ஒரு வண்டி தயாராக இருந்தது. அந்த வண்டி வாரத்துக்கு வாரம் பறப்பதற்குக் காரணமே ஸ்டார்லிங்க்தான். இருண்ட பருப்பொருளைத் தேடுகிற தொலைநோக்கியையும் 60 நொடிப் படத்தில் கோடு போடுகிற செயற்கைக்கோளையும் ஏற்றிப் போவது ஒரே ராக்கெட். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்பது நடக்காது.

17 ஃப்ரேமில் கோடா? ஸ்டேக் செய்யும்போது அது தானாகப் போய்விடும்.

புதுக்கேமரா:

மன்னிக்கவும், நான் புதிது. ஸ்டேக் செய்தால் கோடு எப்படிப் போகும்? யாராவது அழிக்க வேண்டுமா?

நிழற்கூம்பு:

யாரும் அழிக்க வேண்டாம். சிரில் போன்ற இலவச மென்பொருளே செய்துவிடும். 150 ஃப்ரேமையும் நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொருத்தி அடுக்கியாயிற்று என்று வையுங்கள். ஒரே ஒரு புள்ளியை மட்டும் எடுத்து, 150 ஃப்ரேமிலும் அதன் வெளிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் 149 இடத்தில் ஏறக்குறைய ஒரே எண் வரும். ஓரிடத்தில் மட்டும் எகிறி நிற்கும். அங்கேதான் செயற்கைக்கோள் கடந்தது. அந்த ஒன்றைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி. ஃப்ரேம் நிறைய இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. பத்துப் பன்னிரண்டை வைத்துச் செய்தால் எது இயல்பு, எது எகிறல் என்று மென்பொருளுக்கே பிடிபடாது.

கார்த்திகைப்பித்தன் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் 50 ஃப்ரேமில் இத்தனை கோடு வந்தது தற்செயல் இல்லை. செயற்கைக்கோளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, வெயில் பட்டால்தான் தெரியும். 550 கி.மீ. உயரத்தில் தலைக்கு மேலே போகிற ஒன்று பூமியின் நிழலுக்குள் போக, சூரியன் அடிவானத்துக்குக் கீழே 23 டிகிரி இறங்க வேண்டும். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால் தை மாதத்தில் அது சூரியன் மறைந்து 1 மணி 40 நிமிடத்தில் நடந்துவிடும். 1,200 கி.மீ.-ல் போகிற ஒன்வெப்புக்கு 2 மணி 20 நிமிடம் ஆகும். அதாவது எட்டரைக்கு மேல் உச்சிவானம் ஏறக்குறைய சுத்தம். லண்டனில் ஜூன் மாதம் நடுராத்திரியில்கூட சூரியன் 15 டிகிரிதான் இறங்கும். அங்கே ராத்திரி முழுக்கக் கோடுதான். இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். எட்டரைக்குப் பிறகு எடுத்த ஃப்ரேம்களை எண்ணிப் பாருங்கள்.

கார்த்திகைப்பித்தன்:

எண்ணிவிட்டேன். பிந்தைய 100-ல் 3 ஃப்ரேமில்தான் கோடு, அதுவும் மேற்கு ஓரத்தில். நன்றி சார். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

மாடிப்படி:

எட்டரைக்கு மேல் படம் எடுங்கள் என்று சொல்லிவிட்டீர்கள். வால்நட்சத்திரம் எட்டரை வரை காத்திருக்குமா?

2024 அக்டோபரில் சுசின்ஷான்-அட்லஸ் வந்தது நினைவிருக்கும். எங்கள் ஊரில் அந்த வாரம்தான் வடகிழக்குப் பருவமழை இறங்கியது. நாலு நாள் மாடிக்கு ஏறி ஏறி இறங்கினேன். ஐந்தாம் நாள் மேற்கே மேகம் விலகி 22 நிமிடம் கிடைத்தது. அந்திக் கருக்கல், அடிவானத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வால்நட்சத்திரம். கொசுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு, லென்ஸில் படிந்த ஈரத்தைத் துடைத்துத் துடைத்து எடுத்தேன். உருப்படியாகத் தேறியவை 14 ஃப்ரேம். அதில் 9-ல் கோடு. நீங்களே சொன்ன கணக்குப்படி 14 ஃப்ரேமை வைத்து எதைத் தள்ளுவது? அது மட்டுமா, வால்நட்சத்திரம் நட்சத்திரங்களுக்கு நடுவே நகரும். அதைப் பொருத்தி அடுக்கினால் நட்சத்திரங்கள் கோடாகும். அந்தக் கோடுகளோடு செயற்கைக்கோள் கோடும் சேர்ந்து வாலுக்கு இணையாக நிற்கிறது. கடைசியில் என் படத்தில் வால் எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. அந்த வால்நட்சத்திரம் நம் ஆயுளில் திரும்ப வராது.

அந்தி நேரத்தில் மட்டும் கிடைக்கிற பொருள்கள் இருக்கின்றன. வால்நட்சத்திரம், புதன், சூரியன் பக்கமிருந்து வரும் சிறுகோள்கள். செயற்கைக்கோள் பளிச்சென்று தெரிவதும் அதே அந்தியில்தான்.

ஸ்டேக் செய்தால் போய்விடும் என்பது நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்லும் சமாதானம். 2019 நவம்பரில் சிலியில் செர்ரோ டொலோலோவின் 4 மீட்டர் தொலைநோக்கியில் ஆறு நிமிடத்துக்கும் குறைவான ஒரே எக்ஸ்போஷரில் 19 ஸ்டார்லிங்க் கோடுகள் விழுந்தன. முதல் 60 செயற்கைக்கோள் ஏவி ஆறு மாதம்கூட ஆகவில்லை அப்போது. இன்று 9,000-ஐத் தாண்டிவிட்டது. நேற்று இல்லாமல் இன்று புதிதாகத் தெரிவது எது என்று தேடுகிற ரூபின் போன்ற தொலைநோக்கிக்கு ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாக முக்கியம். சராசரி போட்டால் தேடுகிற பொருளும் சேர்ந்து போய்விடும்.

ஏவுதளம்:

அக்கா, வால்நட்சத்திரம் விஷயத்தில் உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் உண்மையான எதிரி தெருவிளக்கு. சென்னையில் என் மாடியிலிருந்து கார்த்திகையில் மூன்று நட்சத்திரம் தெரிந்தாலே பெரிது. அதை விட்டுவிட்டு, ஒரு நொடியில் கடந்துபோகிற புள்ளி மேல் ஏன் கோபம்?

நான் கோட்டைத் தேடிப் போகிறவன். சர்வதேச விண்வெளி நிலையம் நிலாவைக் கடப்பதை எடுக்க மூன்று வருடம் முயன்றேன். உச்சியில் நடந்தால் மொத்தம் அரை நொடிதான். தரையில் அது தெரிகிற பட்டையின் அகலமும் சில கிலோமீட்டர்தான். எங்கள் தெரு அதற்குள் வரவில்லை, நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு பேருந்து நிலையத்தின் பின்பக்கச் சுவரோரம்தான் சரியான இடமாக வந்தது. ட்ரைபாடை நிறுத்தி, நிலாவை ஃபோகஸ் செய்து, வீடியோவை ஓடவிட்டுக் காத்திருந்தேன். பிறகு ஒவ்வொரு ஃப்ரேமாக ஓட்டிப் பார்த்தால், டைகோ பள்ளத்துக்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி ஒரு எச் வடிவம். சூரியத்தகடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள். என் வாழ்க்கையில் இதைவிட நல்ல வான்படம் நான் எடுத்ததில்லை.

மாடிப்படி:

அந்தப் படத்தைப் போன வருடம் இங்கே பார்த்தபோது நானும் பாராட்டினேன், இப்போதும் பாராட்டுகிறேன். அது ஒரு நிலையம். நாம் போய்த் தேடுகிறோம். இவை தேடாமலே வருகின்றன.

தெருவிளக்கை விட்டு விலகிப் போக வழி இருக்கிறது. பேருந்து ஏறினால் ஜவ்வாது மலை. பணமும் விடுப்பும் இருந்தால் லடாக்கில் ஹான்லே, 4,500 மீட்டர் உயரம், 2022-ல் இருள்வானக் காப்பிடமாகவே அறிவித்துவிட்டார்கள். செயற்கைக்கோள் ஹான்லேவுக்கும் வருகிறது. அதை விட்டு எந்த ஊருக்குப் போவது?

ஏஎஸ்டி ஸ்பேஸ்மொபைல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் புளூவாக்கர் 3 என்று ஒரு செயற்கைக்கோள் 2022-ல் போனது. 64 சதுர மீட்டர் ஆன்டெனா. விரித்த பிறகு அதன் வெளிச்சத்தைப் பிரகாச அளவில் 0.4 வரை அளந்தார்கள் (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம்), அதாவது திருவாதிரை நட்சத்திரத்துக்குச் சமம். அதே நிறுவனத்தின் அடுத்த தலைமுறைக்கு 200 சதுர மீட்டருக்கும் மேல். அதை 2025 டிசம்பர் 24 அன்று ஏவியது நம் எல்விஎம்3. நானும் அன்று காலை டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். ஆறு டன் எடையை அவ்வளவு சரியாகக் கொண்டுபோய் வைத்தார்கள் என்று பெருமையாகவும் இருந்தது, வயிற்றைப் பிசையவும் செய்தது.

ஏவுதளம்:

அந்தப் பெரிய ஆன்டெனா எதற்கு என்றும் சொல்லுங்கள் அக்கா. சாதாரணக் கைபேசிக்கு வானத்திலிருந்து நேராக சிக்னல் கொடுக்க. கைபேசியின் சிக்னல் பலவீனமானது, அதைப் பிடிக்க அவ்வளவு பெரிய ஆன்டெனா வேண்டும்.

என் அம்மா ஊர் குமரி மாவட்டக் கடற்கரை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது எங்கள் ஊர்ப் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. கரையிலிருந்து போன் எட்டாது. புயல் எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. என் மாமா முறை ஒருவர் திரும்பி வரவே இல்லை. பிறகு இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள்கள் வழியாகச் செய்தி வாங்கும் கருவி வந்தது, நல்லதுதான். ஆனால் முதலில் கொடுத்த கருவியில் செய்தி வாங்கத்தான் முடியும். படகு மூழ்குகிறது என்று அங்கிருந்து ஒரு வார்த்தை அனுப்ப முடியாது. சட்டைப் பையில் இருக்கிற போனிலேயே அது முடியும் என்றால், என் கண்ணுக்கு அந்தக் கோடு அழுக்காகத் தெரியாது.

மாடிப்படி:

தம்பி, இதற்கு மேல் உங்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல என்னால் முடியாது. அந்த போன் வேலை செய்ய வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் வெளிச்சத்தைக் குறைப்பது முடியாத காரியமா? 2020-ல் ஸ்டார்லிங்க்குக்கு வெயில் மறைப்பு மாட்டிப் பார்த்தார்கள், மங்கலானது. பிறகு லேசர் இணைப்புக்கு இடைஞ்சல் என்று கழற்றிவிட்டு, ஒளியை வேறு பக்கம் திருப்பும் பூச்சுக்கு மாறினார்கள். ஏழாம் பிரகாச அளவை விட மங்கலாக இருக்கட்டும் என்பதுதான் வானியலாளர்கள் கேட்பது, அதாவது வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு. கேட்கத்தான் முடிகிறது, கட்டாயப்படுத்தும் உலகச் சட்டம் இல்லை. 1967-ன் விண்வெளி ஒப்பந்தம் விண்வெளி எல்லா நாட்டுக்கும் பொது என்கிறது, தரையிலிருந்து பார்க்கிற வானத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நம் நாட்டு ராக்கெட்டில் ஏற்றுகிறோம் அல்லவா, ஏற்றும்போதே ‘இவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும்’ என்று நாம் ஏன் கேட்கக் கூடாது? காசு வாங்கிக்கொண்டு ஏற்றுகிறவருக்கு அந்த உரிமை உண்டு.

ஏவுதளம்:

கேட்டால் அவர்கள் வேறு ராக்கெட்டுக்குப் போவார்கள். போட்டி அப்படி இருக்கிறது. இதில் நான் உங்களோடு உடன்படவில்லை.

கார்த்திகைப்பித்தன்:

படித்துக்கொண்டே இருந்தேன். மாடிப்படி அக்கா, கேட்கிறவர் கையில் கணக்கு இருக்க வேண்டும். நாம் பத்துப் பதினைந்து பேர் ஒவ்வொரு அமாவாசைக்கும் படம் எடுக்கிறோம், கோடு விழுந்த ஃப்ரேமைத் தூக்கி எறிகிறோம். இனி எறியாமல் எண்ணி வைத்தால் என்ன?

நிழற்கூம்பு:

அருமை. லென்ஸின் குவியதூரம், பார்த்த திசை, சூரியன் மறைந்து எத்தனை நிமிடம், இவை இருந்தால் போதும், மீதிக் கணக்கை நான் போடுகிறேன். அக்கா, அந்த 14 ஃப்ரேமையும் மூலக் கோப்பாகவே அனுப்புங்கள். கோட்டை மட்டும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கையால் மூடிவிட்டு அடுக்கிப் பார்க்கிறேன். வால் கொஞ்சம் மீளலாம்.

மாடிப்படி:

இன்று இரவே ஏற்றுகிறேன். ஐந்தாவது ஃப்ரேமில் கோடு வாலின் நடுவே போகிறது, அதைப் பார்த்துச் செய்யுங்கள்.

ஏவுதளம்:

எண்ணிக்கைக்கு நானும் வருகிறேன், கருத்து மாறியதால் இல்லை. எந்த ஏவலுக்குப் பின் எத்தனை நாளில் கோடு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். ஏவல் தேதிகளை நான் பட்டியல் போடுகிறேன்.

புதுக்கேமரா:

என்னிடம் ட்ரைபாடும் 50 மி.மீ. லென்ஸும்தான் இருக்கின்றன. நானும் சேரலாமா?

கார்த்திகைப்பித்தன்:

தாராளமாக. டிராக்கர் இல்லாவிட்டால் 8 நொடிக்கு மேல் போகாதீர்கள், நட்சத்திரம் இழுத்துவிடும். மாசி அமாவாசைக்கு அந்தியிலேயே தொடங்கி ஒன்பதரை வரை விடாமல் எடுங்கள். கோடு இல்லாத ஃப்ரேமையும் சேர்த்து எண்ணுங்கள், நேரம் இந்திய நேரத்தில்.