டேங்க் இல்லாம நடந்த அப்பாருக்கு 'சுமை'ன்னு காட்டுன ரேடார்

காங்கயத்தான்:
காலேஜ் கடைசி வருச ப்ராஜெக்ட். 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் போர்டு வச்சு, ஆளு வெறுங்கையோட வர்றாரா சுமையோட வர்றாரான்னு கண்டுபுடிக்கணும். உங்களுக்குத் தெரிஞ்சதுதான், ஆளு நகர்ற வேகத்த ரேடார் ஸ்க்ரீன்ல படமா காட்டும், ஒடம்புக்கு நடுவுல தடியா ஒரு கோடு, கையுங் காலும் வீசறது அதுக்கு ரெண்டு பக்கமும் அலையலையா வரும், சுமை இருந்தா கை அலை செத்துப்போயிரும். எங்க தோட்டத்துக் களத்துலயே எடுத்தோம், மருந்தடிக்கிற 16 லிட்டர் டேங்க்க முதுகுல மாட்டி ஒருக்கா, மாட்டாம ஒருக்கா. பசங்களுக்கெல்லாம் சரியா வந்துச்சு. எங்க அப்பாரு டேங்க் இல்லாமத்தான் நடந்தாரு, ஸ்க்ரீன்ல 'சுமை'ன்னு வருது. மறுபடி நடக்கச் சொன்னேன், அதேதான். லேப்டாப்ப விட்டுத் தலைய நிமுத்திப் பாத்தா ரெண்டு கையையும் பின்னால கட்டிட்டு வர்றாரு, எப்பவும் அப்படித்தான் நடப்பாரு. "நாஞ் செரியா நடக்கலையா கண்ணு"ன்னு கேட்டாரு. அவரோட 12 பதிவையும் ரிப்போர்ட்ல இருந்து எடுத்துட்டோம், மார்க்கும் நல்லா வந்துச்சு. ரெண்டு வருசமாச்சு, அந்தக் கேள்வி மட்டும் போகமாட்டேங்குது.

பீளமேட்டு அக்கா:
அவரு பதிவ ரிப்போர்ட்ல இருந்து நீக்குனது தப்பு தம்பி. நீங்க அளந்ததே கைவீச்சத்தான், அதுக்குச் சுமைன்னு பேரு வச்சுட்டீங்க. நாங்க எதிரொலி வராத சேம்பர் ரூம்ல 77 கிகாஹெர்ட்ஸ்ல எடுத்தோம், ஆளச் சுழல்மேடையில நிக்க வச்சு. அலைநீளம் 4 மில்லிமீட்டர்கூட இல்ல, மூச்சு விட்டாலே திரும்பி வர்ற அலையோட கட்டம் (phase) ஆடும், "மூச்சப் புடிச்சுக்கோங்க"ன்னு கத்திட்டே இருப்பேன். காலி பிளாஸ்டிக் டேங்க் மாட்டின ஆளு முதுகு காட்டுனப்ப பெருசா வித்தியாசமே இல்ல, தண்ணி ஊத்துனதும்தான் எதிரொலி எகிறுச்சு. உங்க டேங்க்ல தண்ணி இருந்துச்சா? அதச் சொல்லவே இல்லையே.

ஆனமலை தோப்பு:
அக்கா, சேம்பர் வேற காடு வேறங்க. தோப்புல ராத்திரி ரேடார வச்சேன், ஆளே இல்ல, தென்னமட்டை காத்துக்கு ஆடுனது ஆளு கைவீசற மாதிரியே வந்துச்சு, டார்ச் எடுத்துட்டு ஓடிப்போய்ப் பாத்தேன். அவ்ளோதான் என் கதை. தம்பி, அடுத்தவாட்டி மொதல்ல ஆளில்லாம பத்து நிமிசம் பதிவு பண்ணி வச்சுக்கங்க. தகரத்துல மூணு முக்கோணம் வெட்டி வந்த அலைய வந்த பக்கமே திருப்பி அனுப்பற மூலை ரிஃப்ளெக்டர் செஞ்சு தெரிஞ்ச தூரத்துல வைங்க, அளவுகோல் அதுதான், பக்கத்த ரெண்டு மடங்காக்குனா எதிரொலி 16 மடங்காகும், அதனால சின்னதே போதும். நேரா மட்டும் நடக்க வைக்காதீங்க. நொடிக்கு 1 மீட்டர் நேரா வந்தா 24 கிகாஹெர்ட்ஸ்ல திரும்பி வர்ற அலை 160 ஹெர்ட்ஸ் மாறி வரும், குறுக்கால போனா ஒடம்புக் கோடு சுழியத்துல போய் படுத்துரும், சும்மா நிக்கற வேலிக்கல்லோட கலந்துபோயிரும். வயசானவங்க, பொம்பளைங்க, கொடத்த இடுப்புல வச்சு வர்றவங்க, செருப்பில்லாதவங்க எல்லாத்தையும் எடுங்க, பசங்கள மட்டும் வச்சுப் பழக்குனா பசங்களத்தான் அதுக்குத் தெரியும்.

காங்கயத்தான்:
தண்ணி அரை டேங்க் இருந்துச்சுங்க்கா. 12 பதிவும் பழைய டிஸ்க்ல கெடக்குது, அழிக்கல. மாரியாத்தா நோம்பிக்கு ஊருக்குப் போறேன், போர்டையும் எடுத்துட்டுப் போறேன். கையக் கட்டிட்டே நடங்க அப்பாருன்னு சொல்லணும்.