ஆச்சி வீடு குழுவில் ஓடிய பேச்சு: மே மாச அறிவியல் வகுப்பு

சிவகாமி அத்தை (காலை 5.48): எல்லாருக்கும் வணக்கம். வர்ற திங்கள்ல இருந்து ரெண்டு வாரம் ஆச்சி வீட்டு முற்றத்துல பிள்ளைகளுக்கு அறிவியல் வகுப்பு எடுக்கப் போறேன். ஆறாம் வகுப்புல இருந்து எட்டு வரைக்கும். காலைல 7 மணிக்குத் தொடங்கி 9.30க்கு முடிச்சிருவேன், அதுக்கு மேல பாளையங்கோட்டை வெயில் தாங்காது. நம்ம பிள்ளைக நாலு, தெருப் பிள்ளைக எட்டு. மூணு மூணு பேரா நாலு குழு. பீஸ் கிடையாது. அண்ணே, வீட்டுச் சாவி வேணும்.

கணேசன் சித்தப்பா: 👍

அருண் அண்ணன்: சூப்பர் அத்தை

லட்சுமி பெரியம்மா: தெருப் பிள்ளைகளுமா

சிவகாமி அத்தை: ஆமா மைனி. நம்ம நாலு பேரை மட்டும் வச்சுக்கிட்டா செல்போன்தான் பாப்பானுக. பல வீட்டுப் பிள்ளைக சேந்து உக்காந்தாத்தான் ஒருத்தன் செய்யுறதை இன்னொருத்தன் எட்டிப் பாப்பான், கேள்வி வரும்.

லட்சுமி பெரியம்மா: இப்பதான் வெள்ளையடிச்சிருக்கு

கணேசன் சித்தப்பா: யார் காசுல மைனி

லட்சுமி பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரியா: அத்தை, கவினை அனுப்புறேன். நெல்லை எக்ஸ்பிரஸ்ல வெயிட்டிங் லிஸ்ட் காட்டுது. தட்கல்தான் பாக்கணும்.

கணேசன் சித்தப்பா: பஸ்ல போ

பிரியா: ராத்திரி பஸ்ல அவன் வாந்தி எடுப்பான் சித்தப்பா

ரேவதி மைனி: சித்தி, ஆதிக்கு 8.30க்கு ஆன்லைன்ல பவுண்டேஷன் கிளாஸ் இருக்கு. நீங்க ஏழாம் வகுப்பு போர்ஷன் முடிச்சுக் குடுப்பீங்களா? இல்லைன்னா அவனுக்கு ரெண்டையும் பாக்க நேரமிருக்காது.

சிவகாமி அத்தை: ரேவதி, போர்ஷனைப் பள்ளிக்கூடத்துல முடிப்பாங்க. இங்க அவன் கையால செய்வான். ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். ஒரு மீட்டர் கம்பைத் தட்டட்டியில, அதான் மொட்டை மாடியில, நேரா நிறுத்தி, 11.30ல இருந்து 1 மணி வரைக்கும் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா நிழலோட நுனியில சாக்பீஸ் புள்ளி வைக்கணும். (இதுக்கு மட்டும் ஒரு நாள் மதியம் வரணும். தொப்பி, செருப்பு, தண்ணி கட்டாயம். ரெண்டு ரெண்டு பேராத்தான் மேல போவாங்க, மத்தவங்க கீழ நிழல்ல இருப்பாங்க. சூரியனை யாரும் நேராப் பாக்கக் கூடாது.) நிழல் எப்ப ஆகக் குட்டையா இருக்கோ அதுதான் நம்ம ஊருக்கு உச்சி. அது 12 மணிக்கு வராது. மே மாசத்துல 12.15 வாக்குல வரும். நம்ம நாட்டுக் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கக்கோட்டுக்கு வச்சது, நாம அதுக்கு மேற்க 77.7ல இருக்கோம், அதான் சூரியன் நமக்கு உச்சிக்கு வரப் பிந்துது. அப்புறம் இன்னொண்ணு. அந்த நிழல் எந்தப் பக்கம் விழும்? ஆதிகிட்ட கேட்டுட்டு வந்து சொல்லு.

ரேவதி மைனி: நிழல் விழாது, மதியம் சூரியன் தலைக்கு மேல இருக்கும்ங்கான்

பிரியா: கவின் வடக்குங்கான்

கணேசன் சித்தப்பா: கிழக்கு

சிவகாமி அத்தை: தெற்க விழும் கணேசா. ஏப்ரல் 13 வாக்குலேயே சூரியன் நம்ம தலைக்கு நேரா வந்துட்டு வடக்க போயிருச்சு. மே முதல் வாரத்துக்குப் பிறகு மீட்டர் கம்புக்கு 15 சென்டிமீட்டர் போலத் தெற்க நிழல் நிக்கும். ஆகஸ்ட் கடைசியில சூரியன் திரும்பி வரும்போது இன்னொரு நிழலில்லா நாள் கிடைக்கும். பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிராதீங்க. முதல்ல அவங்க நினைக்கதை நோட்டுல எழுதணும், அப்புறம்தான் கம்பை நிறுத்தணும். எழுதி வச்சது தப்புன்னு நிழலே காட்டும்போது அவன் முகத்தைப் பாக்கணும். அதுக்குத்தான் இம்புட்டும்.

அருண் அண்ணன்: சொல்லல அத்தை 🤐

மணி பெரியப்பா: 2010 மாதிரி ஆயிரக் கூடாது

பிரியா: 2010ல என்ன பெரியப்பா?

மணி பெரியப்பா: ஜனவரி 15. சூரியன் வளையமாத் தெரியுற கங்கண கிரகணம் காட்டுதேன்னு இவ வீட்டுப் பிள்ளைக பூராத்தையும் வேன்ல ஏத்திக் கன்னியாகுமரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. மாட்டுப் பொங்கலுக்கு வீட்டுல நானும் ஆச்சியும் மாடும்தான்.

அருண் அண்ணன்: அந்த வளையத்தை இன்னும் மறக்கலப்பா நான்

லட்சுமி பெரியம்மா: மாசமா இருந்த பிள்ளையையும் கூட்டிட்டுப் போனா

சிவகாமி அத்தை: அவ பெத்த பிள்ளை இன்னிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிட்டு ராசாவாட்டம் இருக்கான் மைனி.

கணேசன் சித்தப்பா: பொருள் என்ன வேணும் அக்கா? கிட்டுன்னு விக்கான்லா, ஷார்ஜாவுல இருந்து வாங்கி அனுப்பவா

சிவகாமி அத்தை: கிட்டு வேண்டாம்டா. அதுல எல்லாம் வெட்டி அளந்து வச்சிருப்பான், பிள்ளை மாட்டினதும் முடிஞ்சு போகும். இங்கேயே கிடைக்கிற சாமான் போதும். மஞ்சத்தூள், சுண்ணாம்பு, சங்குப்பூ, துத்தநாகம் பூசின ஆணி, சிவப்பு எல்இடி பத்து, பழைய மோட்டார்ல இருந்து எடுத்த செம்புக் கம்பி. செம்புதான் கொஞ்சம் கூட வேணும்.

கணேசன் சித்தப்பா: ஆச்சியோட செம்புப் பானை எங்க இருக்குன்னு முதல்ல கேளுங்க

லட்சுமி பெரியம்மா: என் வீட்டுல இல்ல

கணேசன் சித்தப்பா: நான் யார் வீடுன்னு சொல்லவே இல்லையே மைனி

மணி பெரியப்பா: கணேசா

பிரியா: எல்இடி எதுக்கு அத்தை, எலுமிச்சம்பழ பேட்டரியா? பழம் விக்கிற விலைக்கு...

சிவகாமி அத்தை: புளித்தண்ணி போதும். ஐஸ் தட்டுல குழிக்குக் குழி ஊத்தி, ஒரு பக்கம் ஆணி, ஒரு பக்கம் செம்பு. ஒரு குழிக்கு 0.9 வோல்ட் போல வரும். சிவப்பு எல்இடிக்கு 1.8 ஆவது வேணும். ரெண்டு குழி போதும்னு கணக்கு சொல்லும், ஆனா மின்னோட்டம் பத்தாம லைட்டு ஒழுங்கா எரியாது. மூணு, நாலுன்னு கூட்டிக்கிட்டே போவாங்க. எத்தனைன்னு நான் சொல்ல மாட்டேன். அறையை இருட்டாக்கணும்னு யாருக்குத் தோணுதுன்னு பாப்பேன். முடிஞ்சதும் அந்தப் புளித்தண்ணியைக் கொட்டிரணும், ஒருத்தன் கூட நாக்குல வைக்கக் கூடாது.

லட்சுமி பெரியம்மா: சுண்ணாம்பு சுவத்துல படாம பாத்துக்கோ

சிவகாமி அத்தை: மைனி, பள்ளிக்கூடத்துல எட்டாம் வகுப்புல ஒரு பிள்ளை இருந்துச்சு. வருசம் பூரா வாயே திறக்காது. மஞ்சத்தூள் தடவின தாள்ல நான் சுண்ணாம்புத் தண்ணி சொட்டினதும் ரத்தமாட்டம் சிவந்துச்சா, அது எந்திரிச்சு நின்னு "டீச்சர், இது ஆரத்தி"ன்னு கத்துச்சு. அது மேலேயே எலுமிச்சையைப் பிழிஞ்சேன், மறுபடியும் மஞ்சள். அடுத்த நாள் வீட்டுல இருந்த சோப்பு, சாம்பல், மோர், உப்புன்னு எல்லாத்தையும் பொட்டலம் கட்டிக் கொண்டு வந்திருச்சு. நான் எதுவும் சொல்லிக் குடுக்கவே இல்லை.

லட்சுமி பெரியம்மா: ஆரத்தில அப்படியா மாறும்?

சிவகாமி அத்தை: நீங்களே எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்க மைனி

அருண் அண்ணன்: அத்தை, ஆட்டுக்கண் அறுத்துக் காட்டுவீங்களா? எங்களுக்குக் காட்டினீங்களே. உள்ள இருந்த லென்சைத் தினத்தாள் மேல வச்சதும் எழுத்து பெருசாத் தெரிஞ்சது.

லட்சுமி பெரியம்மா: அந்த வீட்டுல மாமிசம் படக் கூடாது. விளக்கேத்துற வீடு.

கணேசன் சித்தப்பா: தட்டட்டியில வச்சா?

லட்சுமி பெரியம்மா: தட்டட்டி வீடில்லையா

சிவகாமி அத்தை: சரி மைனி, அதை எங்க வீட்டுல வச்சுக்கிடுதேன். மனசுக்கு ஒப்பாத பிள்ளை தொட வேண்டாம், படம் வரைஞ்சா போதும்.

ரேவதி மைனி: ஆதி கண்ணு அறுக்கிற அன்னிக்கு மட்டும் வாரேங்கான்

சிவகாமி அத்தை: தினமும் வரட்டும் ரேவதி. 1972ல மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத்ல 16 நடுநிலைப் பள்ளியில இப்படித்தான் தொடங்கினாங்க, பிள்ளைகளே செஞ்சு பாத்துப் படிக்கிற பாடம். கிராமத்துப் பள்ளிக்கூடங்கதான். அங்க போன அரவிந்த் குப்தா, பொம்மை செஞ்சு அறிவியல் சொல்லிக் குடுக்கிறவர், சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வச்சே வடிவங்கள் செஞ்சு காட்டினார். மருந்தைச் சுரண்டிட்டு டியூப்ல குச்சியைச் சொருகினா முக்கோணம் அசையாது, சதுரம் சாஞ்சு போகும். ஓட்டுக் கூரையிலயும் பாலத்துலயும் ஏன் முக்கோணமா இருக்குன்னு பிள்ளை தானா கேப்பான். பவுண்டேஷன்னா அதுதான் பவுண்டேஷன்.

ரேவதி மைனி: கிளாஸை சாயந்திரம் மாத்த முடியுமான்னு கேட்டுப் பாக்குறேன் சித்தி

சிவகாமி அத்தை: அண்ணே, சாவி?

மணி பெரியப்பா: வீட்டை வாடகைக்குக் கேட்டு ஒருத்தர் செவ்வாய்க்கிழமை பாக்க வாராரு

கணேசன் சித்தப்பா: வாடகைக்கா? எப்ப முடிவாச்சு? யாரு முடிவு பண்ணா?

மணி பெரியப்பா: முடிவாகல. பாக்கத்தான் வாராரு.

கணேசன் சித்தப்பா: குழுவுல ஒரு வார்த்தை சொல்லலாம்லா

பிரியா: சித்தப்பா, அது தனியாப் பேசலாம்

சிவகாமி அத்தை: செவ்வாய்க்கிழமை பிள்ளைகளை எங்க வீட்டுல உக்கார வைக்கேன். மத்த நாளைக்கு முற்றத்தைக் குடுங்கண்ணே. அவர் வந்து பாக்கும்போது வீட்டுல பிள்ளைக சத்தம் கேட்டாலும் நல்லதுதான்.

மணி பெரியப்பா: பாப்போம். ஞாயித்துக்கிழமை வா, பேசுவோம்.

லட்சுமி பெரியம்மா: வரும்போது முருங்கைக்காய் கொண்டா

அருண் அண்ணன்: கடைசி நாள் கொக்கிரகுளம் அறிவியல் மையம் போலாமா அத்தை? நான் வேன் பிடிக்கேன்.

சிவகாமி அத்தை: போலாம். 1987ல அது திறந்த காலத்துல இருந்து வகுப்பு வகுப்பாக் கூட்டிட்டுப் போயிருக்கேன். லீவு நாள் எதுன்னு கேட்டுக்கோ. சைக்கிள் கடையில வால்வு டியூப் அஞ்சு மீட்டர் வாங்கிரு, இப்ப எல்லாக் கடையிலயும் கிடைக்கிறதில்ல.

அருண் அண்ணன்: வண்ணார்பேட்டையில பாக்கேன்

பிரியா: தட்கல் கிடைச்சிருச்சு, ஆனா ஒரு டிக்கெட்தான். கவினை யாரு கூட்டிட்டு வருவா?