ராஜா மாலையில இருக்கிறது யானையா பன்னியா?

மதுரைக்காரி:
ஆச்சி பெட்டிய ஒழிக்கும்போது ஒரு வெள்ளி ரூபா கெடச்சுது, அஞ்சாம் ஜார்ஜ் தலை, 1918னு இருக்கு. தம்பி எங்கயோ வீடியோ பாத்துட்டு இது பன்னிக் காசு, ரொம்ப ரேர்னு குதிக்கிறான். ராஜா போட்டிருக்க மாலையில ஒரு மிருகம், தேஞ்சு போய் அசல் பன்னி மாதிரிதான் தெரியுது. ராஜா எதுக்குங்க பன்னிய மாட்டிக்கிட்டிருக்கார்?

காசுக்கிறுக்கன்:
யானைதாம்மா அது. இந்தியப் பேரரசு விருதுன்னு வெள்ளக்காரன் வச்சிருந்தான், அந்த மாலையில யானை, மயில், ரோஜான்னு மாத்தி மாத்திக் கோத்திருக்கும். 1911ல ஜார்ஜ் பேர்ல மொத மொதல்ல காசு அடிச்சப்ப யானைக்குத் தும்பிக்கையும் குட்டை, காலும் குட்டை, பாத்தவங்க பன்னின்னுட்டாங்க, முஸ்லிம் ஜனங்களுக்கு மனசு புண்பட்டுப் போச்சு, வெள்ளக்காரன் 1857 சிப்பாய் கலகத்துல தோட்டாவுல தடவுன பன்னிக் கொழுப்புப் பேச்சால சூடு கண்டவனாச்சே, சும்மா இருப்பானா, வெளிய விடுறத நிறுத்திட்டான். அடிச்சது 94 லட்சம்னு சொல்வாங்க, ஜனங்க கைக்குப் போனது 7 லட்சம் சொச்சம்தான், மிச்சம் உருக்குறதுக்குப் போயிருச்சு. 1912லயே தும்பிக்கைய நீட்டிப் புது அச்சு வந்தாச்சு. அதனால 1918 பன்னிக் காசு இல்ல, தம்பிகிட்ட சொல்லிருங்க.

தாமரைப்பூ:
தேஞ்ச காசுல எல்லா யானையும் பன்னிதான், மொதல்ல வருஷத்தப் பாக்கணும். எல்லாரும் யானையவே நோண்டுறாங்க, எனக்கு என்னமோ பின்பக்கம்தான் அழகு. சுத்தி வர்ற கொடியில இங்கிலாந்து ரோஜா, ஸ்காட்லாந்து முள்ளுப்பூ, அயர்லாந்து மூணு இலை, கூடவே நம்ம தாமரை, நடுவுல பாரசீக எழுத்துல 'யக் ரூப்பியா', அதாவது ஒரு ரூபா. நாலு நாட்டையும் ஒரே கொடியில கட்டிட்டான் பாருங்க! கீழ இருக்க தாமரைக்கு அடியில லென்ஸ் வச்சுப் பாருங்க, சின்னப் புள்ளி இருந்தா பம்பாய் மின்ட்டுல, அதாவது அங்க இருந்த காசாலையில அடிச்சது, இல்லன்னா கல்கத்தா.

மதுரைக்காரி:
புள்ளி இருக்கு!! வெள்ளி எவ்ளோ தேறும்?

காசுக்கிறுக்கன்:
புதுசுல ஒரு தோலா, 11.66 கிராம், பன்னெண்டுல பதினோரு பங்கு வெள்ளி. தேஞ்சதால கொஞ்சம் கொறையும். புளி கிளி போட்டுத் தேச்சுராதீங்க.

மதுரைக்காரி:
காலைலயே தேச்சுட்டேனே அண்ணா...