முதல் நாளே சூரிய நமஸ்காரமா? தில்லிக் குளிரில் யோகா தொடங்குபவர்களுக்கு

ஆர்.கே.புரம் ரகு:
குளிர்காலம் வந்தால் பூங்காக்களில் புதிதாக வருபவரை முதல் நாளே 12 சுற்று சூரிய நமஸ்காரம் செய்ய வைக்கிறார்கள். இது தவறு. நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்குத் தொடையின் பின்தசை இறுகியிருக்கும். அதில் வரும் பாதஹஸ்தாசனத்தில் (நின்றபடி குனிந்து பாதத்தைத் தொடும் நிலை) குனியும்போது இடுப்பு மடங்காது, முதுகுதான் கூனும். இழுப்பெல்லாம் கீழ்முதுகில் போய் விழும். முதல் 3 வாரத்துக்கு நின்றபடி செய்யும் தனி ஆசனங்களான தாடாசனம், விருட்சாசனம், திரிகோணாசனம் போதும்.

மயூர் விஹார் மீனா:
ரகு சார், தப்பு அந்த 12 என்ற எண்ணில்தான். முதல் வாரம் 2 சுற்று, பிறகு வாரத்துக்கு ஒன்று கூட்டி 6 வரை போகட்டும். குனியும்போது முழங்காலை மடக்கி, வயிறு தொடையில் படும்படி இறங்கினால் முதுகு கூனாது. கை தரைக்கு எட்டாவிட்டால் இரண்டு பக்கமும் செங்கல் வைத்துக்கொள்ளலாம். நிமிரும்போது மூச்சை இழுப்பது, குனியும்போது விடுவது என்ற பழக்கம் இதில் படிவதுபோல் தனி ஆசனத்தில் சீக்கிரம் படியாது. விறைத்த உடம்பும் சூடேறும்.

ஆர்.கே.புரம் ரகு:
சூடேற்ற 5 நிமிடம் தோள், இடுப்பு, கணுக்காலைச் சுழற்றினால் போதுமே. என் கவலை வேகம். ஒரு நிலைக்கு ஒரு மூச்சுதான். பிழையை உணர்வதற்குள் அடுத்த நிலை வந்துவிடும். அதில் குப்புறப் படுத்து மார்பைத் தூக்கும் புஜங்காசனத்தையே பாருங்கள். புதியவர் கையை ஊன்றித் தள்ளி, முழங்கையை நீட்டி, தலையைப் பின்னால் சாய்ப்பார். உடனே இடுப்புக்கு மேலே பிடிக்கும். அதையே தனியாகச் செய்யும்போது உள்ளங்கையை மார்புக்குப் பக்கத்தில் வைத்து, முழங்கை மடங்கியே இருக்க, அடிவயிறு தரையை விடாமல் முதுகுத்தசையால் மார்பை மட்டும் தூக்கலாம். 5 மூச்சு நின்றால் எங்கே பிடிக்கிறது என்று உடம்பே சொல்லும். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணமே 'ஸ்திரம், சுகம்' (அசையாமை, இதம்) தானே?

மயூர் விஹார் மீனா:
புஜங்காசனத்தை முதலில் தனியாகப் பழக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கையும் காலும் தரையில் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் பர்வதாசனத்தையும் அப்படியே. குதிகால் தரையில் பட வேண்டும் என்று அழுத்துவதால்தான் முதுகு வளைகிறது. குதிகால் தூக்கியே இருக்கட்டும், முதுகு நேராக இருந்தால் போதும். அதற்காக 3 வாரம் காத்திருக்கச் சொன்னால் பாதிப் பேர் சலித்துப் போய் நின்றுவிடுவார்கள்.

கரோல்பாக் வெங்கட்:
இருவரும் இடத்தை விட்டுவிட்டீர்களே! காற்றுத் தரக் குறியீடு 300ஐத் தாண்டும் நாளில் விடிகாலைப் பூங்கா வேண்டவே வேண்டாம். குளிர்ந்த காற்று தரையோடு தங்கிப் புகையை அமுக்கி வைக்கும் நேரம் அது. ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டிலேயே செய்யுங்கள். வேகமாக மூச்சுவிடும் பயிற்சிகளான கபாலபாதி, பஸ்திரிகா இரண்டும் இப்போது வேண்டாம். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் கண்ணழுத்த நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தலை கீழே போகும் எதையும் செய்யக் கூடாது, பர்வதாசனம் உட்பட.

ஆர்.கே.புரம் ரகு:
வெங்கட் சொல்வது முழுக்கச் சரி. மீனா மேடம், அப்படியானால் முதல் வாரம் தனி ஆசனங்கள், இரண்டாம் வாரம் 2 சுற்று என்று வைப்போமா? 3 வாரத்திலிருந்து அதற்குமேல் நான் இறங்க மாட்டேன். எதைச் செய்தாலும் கடைசி 5 நிமிடம் சவாசனம் வேண்டும், மல்லாந்து அசையாமல் படுத்திருப்பது. இந்த மொசைக் தரையில் வெறும் விரிப்பு போதாது. அடியில் ஒரு கம்பளி, மேலே ஒரு போர்வை. வியர்த்த உடம்பு சட்டென்று குளிர்ந்தால் தசை மறுபடி இறுகிவிடும்.